கார்னீலியன் செர்ரியா, அமதுங்குலுவா? தென்னாப்பிரிக்கத் தோட்டத்துக்குப் புளிப்புப் பழ மரம் தேர்ந்தெடுப்பது எப்படி

கார்னீலியன் செர்ரி நட ஆசைப்படுகிறவர்கள் இங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறார்கள். துருக்கி ஜாம் புட்டி ஒன்று கையில் கிடைத்திருக்கும், இல்லையென்றால் காணொளி பார்த்திருப்பார்கள். டர்பன்காரருக்கும் லெனேசியாக்காரருக்கும், வேலைக்காகச் சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்து வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. முதலில் உங்கள் ஊர்க் குளிர்காலத்தைப் பாருங்கள், அப்புறம் மரத்தைப் பாருங்கள். நேட்டால் கடற்கரையில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மரம் சரிப்படாது. அது தரும் சிவப்பும் புளிப்பும்தான் வேண்டும் என்றால், தலைப்பில் சொன்ன அமதுங்குலு உட்பட, இந்த மண்ணிலேயே பிறந்த மரங்கள் நான்கைந்து இருக்கின்றன. ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் அவை தாராளமாகப் போதும்.

கேட்பது என்ன மரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரில்தான் செர்ரி இருக்கிறது, உண்மையான செர்ரிக்கும் இதற்கும் உறவு கிடையாது. நடு ஐரோப்பா, தென் ஐரோப்பா, துருக்கி, காக்கசஸ் மலைப்பகுதிகள்தான் இதன் தாயகம். குளிர்காலம் முடியும்போது, இலை வருவதற்கு முன்பே, கிளை முழுக்க மஞ்சள் பூ பூக்கும். கோடைக் கடைசியில் நீள உருண்டையாகச் சிவந்த பழம் வரும், உள்ளே ஒரே ஒரு கொட்டை. சிவந்த உடனே பறித்தால் வாய் கூசும். நன்றாகக் கறுத்துச் சிவந்து, தானே உதிரும் நிலைக்கு வந்தால்தான் தின்ன நன்றாக இருக்கும்.

கடுங்குளிரைத் தாங்கும், பூச்சித் தொல்லை குறைவு, பல பத்தாண்டுகள் நின்று காய்க்கும். மருந்தடிக்காமல் வளர்க்க நினைப்பவர்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் இலையுதிர்த்து உறங்கி எழ அதற்குக் குளிர் வேண்டும். குளிர் போதாத ஊரில் மரம் சாகாது. பூ சரியாக விடாமல், இலை தாறுமாறாகத் துளிர்த்து, வருடக்கணக்கில் சும்மா நிற்கும். செத்துப்போனாலாவது வேறு மரம் வைக்கலாம்.

தெருவில் லிச்சியா, ஆப்பிளா?

குளிர்காலத்தில் எத்தனை மணி நேரம் குளிர் அடிக்கிறது என்ற கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை. உங்கள் தெருவில் எந்த மரம் காய்க்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மாவும் லிச்சியும் செழித்துக் காய்க்கிற இடம் என்றால், அதாவது டர்பன், டொங்காட், ஸ்டாங்கர், உம்சிண்டோ என்று கடலோரம் முழுக்க, கார்னீலியன் செர்ரியை மறந்துவிடுங்கள். ஆப்பிளும் பிளம்மும் உண்மையான செர்ரியும் நன்றாகக் காய்க்கிற இடம் என்றால் முயன்று பார்க்கலாம். மேற்கு கேப் மாகாணத்தில் செரஸ், ஃப்ரீ ஸ்டேட்டின் கிழக்கோரத்தில் கிளேரன்ஸ், செர்ரிக்குப் பேர்போன ஃபிக்ஸ்பர்க், நேட்டாலில் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்து அண்டர்பர்க், நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் எல்லாம் இந்த வகை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பள்ளத்து வீடுகளில் பனி உறையும், மேட்டு வீடுகளில் உறையாது. ஜோகன்னஸ்பர்க்கும் இடைப்பட்ட ஊர்தான். ராத்திரி உறைபனி விழும், ஆனால் குளிர்காலப் பகலில் வெயில் நன்றாகவே அடிக்கும். அங்கே கார்னீலியனை ஒரு மரம் வைத்துப் பார்க்கலாம், தோட்டம் முழுக்க வேண்டாம்.

ஊரை மட்டும் பார்த்தாலும் போதாது, உங்கள் மனைக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். ஜூலை காலையில் சூரியன் ஏறுமுன் வெளியே வந்து புல்லைப் பாருங்கள். எந்த மூலை வெள்ளையாக இருக்கிறது, எது பச்சையாகவே இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கு பார்த்த சுவர் ஓரம்தான் இங்கே கதகதப்பான இடம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இது குழப்பும், இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் போகும்.

நடவே கூடாதவை

கடையில் ஆசைப்பட்டு வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அயல் ஊடுருவல் தாவரங்களுக்கு இந்த நாட்டில் சட்டப் பட்டியல் உண்டு. 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2014-இல் விதிகள் வந்தன. சுரினாம் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி கொய்யா, லோக்காட், நம்முடைய நாவல் ஆகிய நான்கும் குவாசூலு-நேட்டாலில் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிவப்புப் புளிப்புப் பழம் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவதும் இவைதான். பறவை விதையைத் தூக்கிப் போய் ஓடைக்கரையில் போட்டுவிட, அங்கே காட்டு மரங்களுக்கு இடமில்லாமல் இவை மண்டிவிடுகின்றன.

நாவல் மரத்தைப் பட்டியலில் பார்த்தால் மனசு கேட்காதுதான். பழைய வீட்டுக் கொல்லைகளில் அது தாத்தா காலத்திலிருந்தே நிற்கிறது. இருந்தாலும் புதிதாக நடுவதும் கன்று கொடுப்பதும் கூடாது. அந்தச் சுவை வேண்டும் என்றால் நாவலின் இனத்தைச் சேர்ந்த உள்ளூர் மரமே இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து விதையோ குச்சியோ பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் வேண்டாம். 1983-ஆம் ஆண்டு வேளாண் பூச்சிகள் சட்டப்படி அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதைவிட, குச்சியோடு வரும் நோய் பக்கத்துப் பழத்தோட்டக்காரரின் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்பதுதான் பெரிய விஷயம்.

மண்ணின் மரங்கள், ஒவ்வொன்றாக

*அமதுங்குலு.* நேட்டால் பிளம் என்றும் சொல்வார்கள். கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரிந்து இல்லை. நம் ஊர்க் களாவின் இனம்தான், பழம் அதைவிடப் பெரிது, ஐந்து சென்டிமீட்டர் வரை வரும். உப்புக்காற்று, மணல், வறட்சி எதற்கும் அசையாது. வெள்ளை நட்சத்திரப் பூ, சாயங்காலம் வாசனை வீசும். ஆளுயரத்துக்குப் புதராக நிற்கும், வேலியாக வெட்டிவிடலாம். முள் ஒவ்வொன்றும் நுனியில் கவையாகப் பிரிந்திருக்கும், அதனால் குழந்தைகள் ஓடும் பாதையில் வைக்காதீர்கள்.

பழத்தைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். விரலில் பிசின் மாதிரி ஒட்டும், கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு பறித்தால் தொல்லை இல்லை. தோல் உரிக்க வேண்டாம், விதை எடுக்க வேண்டாம், அப்படியே தின்னலாம். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். களாக்காயைப் பச்சையாகப் பறித்து ஊறுகாய் போடுவது நம் வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அமதுங்குலுவில் நன்றாகச் சிவந்து மெத்தென்று ஆன பழம் மட்டும்தான் உணவு. பச்சைக்காய், இலை, தண்டு எல்லாம் நச்சு.

*உம்க்வென்யா.* ஆங்கிலத்தில் காட்டுப் பிளம். மாமரக் குடும்பம், இலையைப் பார்த்தாலே தெரியும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே அங்கங்கே ஒரே ஒரு இலை மட்டும் ரத்தச் சிவப்பாக இருக்கும். கார்னீலியன் செர்ரிக்கு மாற்று எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அதே நீள உருண்டை, அதே சிவப்பு, அதே புளிப்பு, நடுவில் ஒரு பெரிய கொட்டை, பழுத்தால் தானே உதிரும் அதே குணம். சதை குறைவு என்பது உண்மை, அதனால் ஜெல்லிக்கும் பழக்கூழுக்கும்தான் ஏற்றது.

ஆனால் இது பெரிய மரம், 15 மீட்டர் வரை போகும். வீட்டுச் சுவர், தண்ணீர்க் குழாய், கார் நிறுத்தும் தளம் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். உதிரும் பழம் சிமெண்டில் நசுங்கிக் கறையாகும், கார்மேல் விழுந்தால் வீட்டில் சண்டை வரும். சின்ன மனை என்றால் இதை விட்டுவிட்டு, நகராட்சி நட்ட மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொள்ளுங்கள். டர்பன் சாலைகளில் நிழலுக்காக நிறைய நட்டிருக்கிறார்கள்.

*கெய் ஆப்பிள்.* கிழக்கு கேப்பின் கெய் ஆற்றின் பெயர். சுலுவில் உம்கொகோலோ. மஞ்சள் பழம், ஏப்ரிகாட்டைப் போன்ற மணம், புளிப்போ நம்மையே கண் சுருக்க வைக்கும். வறட்சியையும் லேசான உறைபனியையும் தாங்குவதால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் என் முதல் பரிந்துரை இதுதான். விரல் நீள முள் இருப்பதால் திருட்டுப் பயம் உள்ள இடங்களில் வேலிக்கே நடுகிறார்கள்.

*உம்டோனி.* நாவலுக்கு உள்ளூர்ப் பதில். ஊதாப் பழம், இதமான புளிப்பு. ஓடையோரம், ஈரம் நிற்கும் தாழ்வான நிலம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

*உம்வியோ.* பழுப்புப் பழம், புளிப்பைவிட மாவுத்தன்மை அதிகம். மெதுவாக வளரும். இருந்தால் நல்லது, இதற்காக மெனக்கெட வேண்டாம்.

ஆண் மரம், பெண் மரம்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். உம்க்வென்யாவிலும் கெய் ஆப்பிளிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் பெண் மரத்தில் மட்டும்தான். விதைக் கன்றைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது, பூக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

கெய் ஆப்பிளுக்கு வழி சுலபம். வேலியாக ஐந்தாறு கன்று நெருக்கி வைத்துவிடுங்கள், இரண்டு பாலும் கலந்து வந்துவிடும். பூத்த பிறகு ஆண்களில் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டுப் பெண்களுக்கு இடம் கொடுக்கலாம்.

உம்க்வென்யாவை அப்படி ஐந்தாறு வைக்க யாரிடமும் இடம் இருக்காது. அதற்குப் போத்துதான் வழி. இலையுதிர் காலத்தில், மார்ச் ஏப்ரல் வாக்கில், தெருவில் நடந்து பாருங்கள். எந்த மரத்தடியில் சிவப்புப் பழம் நசுங்கிக் கிடக்கிறதோ அது பெண் மரம். பழத்தை வாயில் போட்டுச் சுவையும் பாருங்கள், மரத்துக்கு மரம் வித்தியாசம் இருக்கும். சதைப்பிடிப்பாகக் காய்க்கும் மரத்தை மனதில் குறித்துக்கொண்டு, உரியவரிடம் கேட்டு, வசந்தத் தொடக்கத்தில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளை வாங்கி, முருங்கைப் போத்து நடுவதுபோல நட்டுவிடுங்கள். தாய் மரம் பெண் என்றால் போத்தும் பெண்தான். ஆண் மரம் அந்த வட்டாரத்தில் எங்காவது இருந்தால் போதும், தேனீ பார்த்துக்கொள்ளும்.

அமதுங்குலுவில் இந்தப் பிரச்சினை இல்லை, இருந்தாலும் வேறு வேறு தாய்ச்செடியிலிருந்து வந்த இரண்டை வைத்தால் காய்ப்பு கூடும். கார்னீலியன் செர்ரியும் அப்படியே. ஒற்றை மரம் காய்க்கும், துணைக்கு வேறு ரகம் ஒன்று இருந்தால் நன்றாகக் காய்க்கும்.

கன்று எங்கே வாங்குவது

பெரிய கடைகளின் தோட்டப் பிரிவில் அமதுங்குலு என்று விற்பது பெரும்பாலும் குட்டையான அலங்கார ரகம். பழத்துக்கு என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். உள்ளூர்த் தாவரங்களை மட்டும் வளர்க்கும் நாற்றுப் பண்ணைகள் எல்லா நகரத்திலும் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் சில்வர்கிளென் காட்டுப் பகுதியில் டர்பன் நகராட்சியின் மூலிகை நாற்றுப் பண்ணை இருக்கிறது. உள்ளூர் மரம் செடிகளை அறிந்தவர்களைப் பார்த்துப் பேச நல்ல இடம். மரம் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணால் பார்க்க 1849-இல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்காவுக்கும், மாரிட்ஸ்பர்க்கில் இருப்பவர்கள் அங்குள்ள தேசியத் தாவரவியல் பூங்காவுக்கும் போய்வரலாம்.

இன்னொன்று, பக்கத்தில் சுலு பேசும் கோகோ (பாட்டி) யாராவது இருந்தால் மரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த மரத்துப் பழம் இனிக்கும், எந்த மாதம் உதிரும் என்பதெல்லாம் நாற்றுப் பண்ணைச் சீட்டில் இருக்காது.

தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிச் சுருண்டிருந்தால் வேண்டாம். உயரமான பெரிய கன்றைவிட, முழங்கால் உயரத்தில் தண்டு தடித்த கன்றே சீக்கிரம் பிடிக்கும்.

நடவும் முதல் இரண்டு வருடத் தண்ணீரும்

நேட்டாலிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் மழை கோடையில். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் நட்டுவிட்டால், வறண்ட குளிர்காலம் வருமுன் வேர் இறங்கிவிடும். கேப் டவுன் பக்கம் மழை குளிர்காலத்தில், அங்கே ஏப்ரல் மே நல்லது.

இரண்டடி ஆழம் இரண்டடி அகலக் குழி, தோண்டிய மண்ணோடு மட்கு இரண்டு மூன்று கூடை. இந்த மரங்களுக்கு ரசாயன உரம் கொட்டினால் இலைதான் கொழுக்கும். கன்று தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள், தண்டைப் புதைக்காதீர்கள். சுற்றிலும் பாத்தி கட்டி, காய்ந்த இலை, புல், மரச்சீவல் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு. தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும்.

முதல் குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை 20 லிட்டர், மெதுவாக இறங்கும்படி. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை இளங்கன்றுக்கு ஊற்ற வேண்டாம், அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். இரண்டாம் குளிர்காலத்தில் பாதியாகக் குறைக்கலாம். மூன்றாம் வருடம் அமதுங்குலுவையும் கெய் ஆப்பிளையும் மழையிடமே விட்டுவிடலாம். பனி உறையும் ஊரில், கெய் ஆப்பிள் ஆனாலும், முதல் இரண்டு குளிர்காலம் ராத்திரியில் பழைய சாக்கைக் குச்சியில் கட்டிக் கூடாரம் மாதிரி மூடுங்கள். காலையில் எடுத்துவிட வேண்டும்.

கவாத்து அதிகம் வேண்டாம். உள்ளே பின்னிக்கொண்டு கிடக்கும் கிளையை எடுத்தால் போதும், அதுவும் பழம் முடிந்த பிறகு.

குரங்கும் பழ ஈயும்

வெர்வெட் குரங்கு இல்லாத நேட்டால் தோட்டம் கிடையாது. வலை, நாய், விசில் எல்லாம் சில நாள்தான் வேலை செய்யும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் தினமும் விடியற்காலையில் ஒரு சுற்றுப் போய், கனிந்ததை எல்லாம் பறித்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. உச்சிக் கிளைப் பழம் அவற்றுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏணி வாங்கும் செலவாவது மிச்சம்.

கெய் ஆப்பிளில் பழ ஈ வரும். கீழே விழுந்த பழத்தை அங்கேயே கிடக்க விட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்துதான் கிளம்பும். பொறுக்கிக் கறுப்புப் பையில் போட்டு இறுகக் கட்டி, இரண்டு வாரம் வெயிலில் வைத்த பிறகு மட்குக் குவியலில் கொட்டுங்கள்.

குளிர் ஊரில் கார்னீலியன் வைப்பவர்களுக்கு

முறையான அனுமதியோடு வந்த ஒட்டுக் கன்று உள்ளூரில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். விதையிலிருந்து வளர்ப்பது பொறுமையைச் சோதிக்கும். கொட்டை முளைக்கவே இரண்டு குளிர்காலம் எடுக்கலாம், அதற்குப் பிறகும் பழம் பார்க்கப் பல வருடம். ஒட்டுக் கன்று மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும்.

ரகங்களில் ஆஸ்திரியாவின் யோலிகோ, பல்கேரியாவின் கசான்லக், கீவ் தாவரவியல் பூங்காவில் தேர்ந்தெடுத்த எலிகன்ட் ஆகியவை பெயர் பெற்றவை. காட்டு மரத்துப் பழத்தைவிட இவற்றின் பழம் இரண்டு மூன்று மடங்கு பெரிது. எலிகன்ட் சீக்கிரம் பழுக்கும் என்பது கோடை குறுகிய கீவுக்குத்தான் பெரிய லாபம், நமக்குக் கோடை தாராளம். அதனால் இங்கே ரகத்தின் பெயரைத் துரத்துவதைவிட, வேறு வேறு ரகமாக இரண்டு கன்று கிடைக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். வேர் மேலோட்டமாகப் பரவும் மரம், அதனால் மூடாக்கு கட்டாயம். மத்தியான வெயில் நேராகப் படாத இடம் நல்லது. ஜூலை ஆகஸ்டில், மரம் உறங்கும்போது நடுங்கள். கோடையில் மழை பெய்யும் ஊர்களில் அது வறண்ட மாதம் என்பதால் தண்ணீர் மறக்கக் கூடாது.

பறித்த பிறகு

அமதுங்குலு ஜாம்: கழுவி இரண்டாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து மசித்து, ஒரு கிலோ கூழுக்கு முக்கால் கிலோ சர்க்கரை. பால் பிசின் பாத்திரத்தின் ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொள்ளும், சூடு இருக்கும்போதே எண்ணெய்த் துணியால் துடைத்தால் வந்துவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வர் போதும்.

கெய் ஆப்பிளைத் தோல் சீவி, கொட்டை நீக்கி, மாங்காய்ப் பச்சடி செய்கிற அதே முறையில் வெல்லமும் மிளகாயும் சேர்த்துச் செய்யுங்கள். மாங்காயைவிடச் சீக்கிரம் குழைந்துவிடும், அடுப்பை விட்டு நகராதீர்கள். வெல்லம் வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடவே பிடிக்கும்.

உம்க்வென்யாவையும் கார்னீலியன் செர்ரியையும் பொறுக்கிய அன்றே சமைக்காதீர்கள். தட்டில் பரப்பி இரண்டு நாள் விட்டால் மெத்தென்று ஆகிப் புளிப்பு கொஞ்சம் இறங்கும். அப்புறம் வேகவைத்துச் சல்லடையில் தேய்த்தால் கொட்டை மேலே தங்கிவிடும். உம்க்வென்யா கொட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். சதை போகக் கழுவி ஈர மணலில் போட்டால் சில வாரத்துக்குள் முளைக்கும். ஆணோ பெண்ணோ, நிழலுக்கு இடம் வைத்திருக்கும் யாருக்காவது கொடுக்கலாம்.